காகிதப்பூவுக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

2011-ல் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் நான்கு நண்பர்கள், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மொட்டை மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து படுக்கும்போது இன்னொருவன் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்புவான். ஒரே அறையில் இருந்தும் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது அபூர்வம்.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா தனியாக இருந்தார். அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகும் சமயம் அது. அந்தக் கணவர் போன்சாயாக வளர்த்த காகிதப்பூ மரம் எங்கள் அறை வாசலில்தான் இருந்தது. ஒரு முழ உயரம்தான், ஆனால் அடிமரம் பருத்து முறுக்கிக்கொண்டு நிற்கும். பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கிளைகளை வளைத்திருந்தார். ஒரு கிளை தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும். முதல் பூ அதில்தான் வருமாம்.

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு கிளம்பியபோது அம்மா அதை என்னிடம் ஒப்படைத்தார். “தண்ணிய கொறச்சிடு தம்பி. எலை தொங்குனா மட்டும் கொஞ்சமா ஊத்து. காய வுட்டாத்தான் பூக்கும். வருஷ தெவசத்துக்கு அவர் படத்துல இந்தப் பூதான் வெக்கணும்” என்றார்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு, ஒரு செடியை வேண்டுமென்றே வாட விடுவது லேசான காரியமா? இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொம்பை எடுக்காமல் இருந்தேன். ஆனால் இலை தொங்குவதற்குப் பதிலாக மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தால் மண் மட்டும் காயவே இல்லை. மாசி வெயிலில் இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கும்போதும் அதே யோசனை. தப்பான பாகத்தைப் பொருத்திவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினேன். அம்மா போனில், மொட்டு வந்துச்சா என்று கேட்கும்போதெல்லாம், வரும்மா என்று மழுப்பினேன். ஒருவருடைய கணவரின் ஞாபகத்தையே கொன்றுகொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் லைன் ஓடவில்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். அறையில் படுத்திருந்தேன். காலை ஷிப்ட் முடித்து வந்த நண்பன் ஷூவைக்கூடக் கழற்றாமல், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தான். எழுந்துபோய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“நீ ஓ.டி. பாத்துட்டு அலுத்து வார, மறந்துட்டியோன்னு நெனச்சேம்ல. வாடிக் கெடக்கதப் பாத்துட்டு எப்பிடி உள்ள போவ?” என்றான் பாவமாக.

மற்ற இருவரையும் விசாரித்தால், அவர்களும் அதேதான்! அம்மா சொன்னதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொருவனும் தான் ஒருவன் மட்டும் ஊற்றுவதாக நினைத்திருக்கிறான். ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், ஒழுகுகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று அடியில் தன் சாப்பாட்டுத் தட்டையே சொருகி வைத்திருந்தான். அந்தத் தட்டு நிறையத் தண்ணீர். மரத்தைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்தோம். வேர் கறுத்து, நாறியது. அம்மாவின் கணவர் உயிரோடிருந்தபோது செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் அழுகிய வேரை வெட்டி, உலர்ந்த மணலும் மண்ணும் கலந்து நட்டேன். தொங்கிய கிளை அதற்குள் காய்ந்துபோயிருந்தது.

திவசத்துக்கு முதல் நாள் அம்மா வந்தார். நால்வரும் மாடிப்படியில் தலையைத் தொங்கப்போட்டு நின்றோம். நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் காய்ந்த அந்தக் கிளையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சையே இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி என்று காத்திருந்தேன்.

“அவர் இருக்கசொல்ல நானும் திருட்டுத்தனமா ஊத்திக்கினுதான் இருந்தேன்” என்றார். “பூ இன்னும் வரலியேன்னு பொலம்புவாரு. ஆனா யார் ஊத்துனான்னு ஒருநாளும் கேட்டதில்ல. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

சொல்லிவிட்டு அழுதார், நடுவில் சிரிக்கவும் செய்தார். பிறகு கத்தரி கேட்டார். கணவர் இருந்தவரை அம்மா அந்த மரத்தில் கத்தரி வைத்ததே இல்லையாம். காய்ந்த கிளையை வெட்டி, அதிலிருந்த செம்புக் கம்பியைப் பிரித்து, எதிர்ப்பக்கம் துளிர்த்திருந்த சின்னக் கொம்பில் தானே சுற்றினார். மறுநாள் படத்துக்குக் கடையில் வாங்கிய மல்லிகைதான். அடுத்த பங்குனியில் நான் வேலை மாறி வேறு ஊரில் இருந்தபோது, அந்தப் புதுக் கிளை பூத்திருக்கிறது என்று போன் செய்தார்.

இப்போது என் வீட்டு பால்கனியிலும் ஒரு காகிதப்பூ போன்சாய் இருக்கிறது. வாட விட்ட நாட்களில் தொட்டுப் பார்த்தால் சில நேரம் மண் ஈரமாக இருக்கும். மனைவியிடமோ மகளிடமோ யார் ஊற்றியது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.