ரத்தினபாய் வீட்டு ஃப்ரீசர்

சேலையூர் ரத்தினபாய் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குப் போன காலமெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து, இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடி மின்சார ரயிலைப் பிடிப்பாள். அந்த ஓட்டத்தில் ஒரு நாளாவது அவள் கணவர் வில்பிரட் ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர், மறைமலை நகர் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அவளுக்கு நேரத்தை மிச்சம் பிடிக்கக் கற்றுத்தரக் கிளம்பினார். எல்லாம் செல்போன் வீடியோவில் வந்த ஞானம்.

"சனிக்கிழமை ஒருநாள் சமைச்சா போதும் ரத்தினம். வாரம் பூரா ஃப்ரீசர் பாத்துக்கும்."

"வேலைக்கு ஓடினப்ப சொல்லாம இப்ப சொல்றீங்க. மிச்சம் பிடிச்ச நேரத்தையும் டப்பால போட்டு மூடிருவீங்களா?"

கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை. கண்ணாடி டப்பாக்கள் வந்தன. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று சிலிகோன் பைகள் வந்தன. சனிக்கிழமைகளில் அவள் அடுப்படியில் வெந்தாள். அவர் மூடி போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார். வீட்டுக்கு வந்தவர்களிடம் ஃப்ரீசரைத் திறந்து காட்டி, "நம்ம சிஸ்டம்" என்றார். நம்ம சிஸ்டமாம்! ரத்தினபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை ஃப்ரீசர் நிறையச் சமைத்து வைத்துவிட்டு, கேளம்பாக்கத்தில் இருக்கும் தங்கை ஈவ்லின் வீட்டுக்குக் கிளம்பினாள். "அதான் சிஸ்டம் இருக்கே. ஒரு வாரம் நான் எதுக்கு?"

திரும்பி வந்தபோது குப்பைக்கூடையில் ஓட்டல் பார்சல் உறைகள் பிதுங்கி வழிந்தன. ஃப்ரீசரோ ஏறக்குறைய அவள் விட்டுப்போனபடியே இருந்தது.

"என்னங்க இது?"

"காலையிலயே எடுத்து வெளிய வைக்கணும். மறந்து மறந்து போச்சு. லேபிள் வேற ஈரத்துல உரிஞ்சிருச்சு." வில்பிரட் சுவரைப் பார்த்துப் பேசினார். "அவசரத்துக்கு சாம்பார்னு ஒரு டப்பாவ அப்படியே அடுப்புல வச்சேன். கண்ணாடி வெடிச்சிருச்சு. பாத்தா மீன் குழம்பு."

பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியும் விடையைத் தப்பாக எழுதியவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுங்க. காலி பண்ணிக் கழுவுங்க."

பைகளை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் கறை போகவில்லை. மீன் வாடை அதைவிடப் பிடிவாதமாக இருந்தது.

"இதைக் கழுவவே பாதி நாள் போயிரும் போலிருக்கே!"

"ஏன், வீடியோவுல சொல்லலையா?"

அடுத்த சனிக்கிழமை அவர் டப்பாக்களைத் தொடவில்லை. "இன்னைக்குச் சமையல மட்டும் நான் பண்ணட்டுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, சர்ச் பாடகர் குழுவின் பயிற்சிக்குப் போனாள் ரத்தினபாய். அங்கே எப்போதும் பாதியில் எழுந்து வருகிறவள், அன்று கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து பாடினாள். வீட்டில் குழைந்த சோறும் ரசமும் சூடாகக் காத்திருந்தன. ரசத்தில் உப்பே இல்லை. அதை அவள் சொல்லாமல் விடவில்லை.