அமராவதி கற்றுக்கொடுத்த மறியல்

போலீஸ் ஸ்டேஷனில் யாரையாவது உட்கார வைத்து அடித்தால், அடி முடிவதற்குள் வக்கீல் அமராவதியின் ஸ்கூட்டி வாசலில் நிற்கும். கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அப்படி ஒரு பேர் அவளுக்கு. பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களிடம், "வாய்தா வாங்கியிருக்கேன்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சுனாமி போன பிறகு, கிள்ளை மீனவக் குப்பத்துக்கு வீடு தருகிறோம் என்ற அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். அந்த ஜனங்களைச் சிதம்பரம் சாலையில் உட்கார வைத்தவள் அமராவதிதான்.

"பொறுங்கன்னு ஒருத்தர் சொன்னா, பைல் தூங்குதுன்னு அர்த்தம். ரோட்டுல உக்காந்தாத்தான் அது எழுந்துக்கும்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

முன்வரிசையில் இருந்தவர் கோவிந்தசாமி. அவர் தங்கச்சி முத்தம்மாள் குடத்தைத் தலைக்கு வைத்துத் தார் ரோட்டிலேயே படுத்துவிட்டாள்.

"எழுந்திரும்மா, பஸ்ஸு நிக்குது" என்றார் போலீஸ்காரர்.

"வூடு குடு. அங்க போய்ப் படுத்துக்கறேன்."

மத்தியானம் தாசில்தார் வந்தார். கொஞ்ச நாளில் வீடும் வந்தது. குப்பத்து ஜனங்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

பிறகு வெளியுறவுத் துறையில் சட்ட அதிகாரி வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினாள் அமராவதி. டெல்லியில் கொஞ்ச காலம், அப்புறம் வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் நம் தூதரகம். கறுப்புக் கோட்டு போய் பட்டுப்புடவை வந்தது. கோர்ட்டில் மேஜையைத் தட்டியவள், விருந்துகளில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகைக்கக் கற்றுக்கொண்டாள். இங்கேயும் ஆட்களை வெளியே எடுக்கும் வேலைதான், குரலை மட்டும் தணித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

2011-இல் முத்தம்மாளின் மகன் செம்பியன் அந்த நாட்டுச் சிறைக்குள் வந்து சேர்ந்தான். பக்கத்து நாட்டில் ஒரு அரபு முதலாளியின் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவன். படகு எல்லை தாண்டிவிட்டது. முதலாளி கைகழுவிவிட்டார். சேதி கேட்ட மறுவாரம் முத்தம்மாளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. முழுங்கவே சிரமம். சாய்த்து உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும், படுக்க வைத்துக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். செம்பியன் பெண்டாட்டி எழிலரசி அதை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டே பழகிக்கொண்டாள்.

"வக்கீலக்கா, அத்த போறதுக்குள்ள ஒரு தடவ புள்ள மூஞ்சிய காட்டிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் போனில்.

அமராவதி சிறைக்குப் போய்ச் செம்பியனைப் பார்த்தாள். மாதக் கணக்கில் பேசினாள், விருந்துக்கெல்லாம் போனாள். கடைசியில் அந்த ஊர் அதிகாரி ஒருவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, பக்ரீத் பெருநாளுக்கு மன்னர் கைதிகளுக்குக் கொடுக்கும் மன்னிப்பில் பையன் பெயர் இருக்கும் என்றார். சத்தம் மட்டும் கூடாது. மன்னர் தானாக இரங்கியதாக இருக்க வேண்டும், யாரும் மிரட்டி வாங்கியதாக இருக்கக் கூடாது. அதுவரை குடும்பத்துக்கும் சொல்லக் கூடாது என்று தூதரகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் கோவிந்தசாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க."



"என்னாம்மா, நீயே பொறுங்கன்ற?"

"காரணம் சொல்ல முடியாதுண்ணே. என்னை நம்புங்க."

"நம்பாமயா? சரி, பாத்துக்கறோம் வுடு" என்று வைத்துவிட்டார்.

அந்தப் 'பாத்துக்கறோம்' அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கடலூரிலேயே இருந்திருந்தால் உறைத்திருக்கும்.

பெருநாளுக்கு முந்தின வாரம் சிதம்பரத்தில் மறியல். இந்தத் தடவை கொடும்பாவியும் உண்டு. கோவிந்தசாமி தன் வெள்ளைச் சட்டையையே கொடுத்து வைக்கோலைத் திணித்து, தலையில் துண்டும் கறுப்புக் கயிறும் கட்டி, அந்த நாட்டு மன்னரை நடுரோட்டில் கொளுத்தினார். டிவியில் வந்தது. எரியும் பொம்மையின் படம் அந்த அதிகாரியின் மேஜைக்கும் போனது.

அமராவதி விசாரிக்கப் போனபோது அவர் தேநீர் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார். மன்னிப்புப் பட்டியலில் செம்பியன் இல்லை. முழுத் தண்டனையும் அனுபவிக்க வேண்டும். நாலு வருஷம்.

2012 பொங்கலுக்கு அவள் லீவில் வந்தாள். கிள்ளைக்குப் போனதும் கோவிந்தசாமி நாற்காலி போட்டார். நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். வெளியே சொல்லக் கூடாதது என்பது தெரிந்தேதான் சொன்னாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லக் கூடாதுன்னாங்கண்ணே."

"யாரோ கூடாதுன்னா கேக்கற ஆளா நீ?"

அவரே தொடர்ந்தார்.

"சரி, இப்ப எங்க உக்காரலாம் சொல்லு. டெல்லின்னாலும் ரயில் ஏறிடறோம்."

"எங்க உக்காந்தும் பிரயோஜனம் இல்லண்ணே."

"அப்ப மனு?"

"போட்டாச்சு."

"யாரையாவது பாத்து..."

"பாத்தாச்சு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

உள்ளே முத்தம்மாள் கட்டிலில் கிடந்தாள். ஆறு மாதத்தில் பாதியாகியிருந்தாள். இடுப்பில் புண் கண்டிருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது, வாடை இல்லை. கண் மட்டும் வாசலில். யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அவர்களுக்குப் பின்னால் பார்க்கும். அமராவதிக்குப் பின்னாலும் பார்த்தது.

"எப்ப வருவாருன்னு கேக்குதுக்கா" என்றாள் எழிலரசி.

அமராவதி கட்டிலோரம் உட்கார்ந்து முத்தம்மாளின் இடது கையைப் பிடித்தாள். உயிருள்ள கை அதுதான். எந்தக் கோர்ட்டிலும் வார்த்தைக்குத் தவித்ததில்லை அவள்.

"அம்மா, அது வந்து... சட்டப்படி..."

கண் அவள் வாயையே பார்த்தது.

"பேச்சு இருக்கட்டும்க்கா" என்றாள் எழிலரசி. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே வந்தாள். "பொரட்டிப் போடற நேரமாச்சி. ஒத்த ஆளா ஜாஸ்தி கஷ்டம். நீங்க தோள்பட்டையப் புடிங்க. கையப் புடிச்சி இழுக்காதீங்க, மூட்டு எறங்கிடும்."

அமராவதி பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். சேர்ந்து புரட்டினார்கள். முத்தம்மாளின் முகம் சுவர்ப் பக்கம் போனது.

"அந்தப் பக்கம் வேணாம்க்கா" என்றாள் எழிலரசி. "வாசல் தெரியலன்னா கஞ்சி எறங்காது. தலய கால்மாட்டுப் பக்கம் மாத்திப் போடுவோம், புடிங்க."