இன்னைக்கு யாரு முறை?

மகன் கழற்றிப் போட்ட சட்டையை யாருக்கும் தெரியாமல் முகர்ந்து பார்க்கிற தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

என் மகன் கார்த்தி பிளஸ் ஒன் படித்தபோது அவன் கைக்குட்டையில் ஒரு வாசனை வந்தது. தித்திப்பும் நெடியும் கலந்தது. துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து பெட்டியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அதுபோல. "அப்பா குடுத்த சென்ட்டும்மா" என்றான். நம்பினேன். நம்பினேன் என்ன, பெருமைப்பட்டேன். வலங்கைமான் பக்கம் பாதி வீட்டு ஆம்பிளைகள் வெளிநாட்டில்தான். ஃபாரின் வாசனை என்றாலே எங்களுக்கு நல்ல வாசனை.

அது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பசையின் நெடி. அதை முகர்ந்து முகர்ந்து, ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த மூக்கு இருந்தும் என்ன பிரயோஜனம் என்று வராந்தாவில் நின்று அழுதேன்.

விலகல் அறிகுறிகள் (போதை கிடைக்காதபோது உடம்பு படுகிற பாடு) என்றார்கள். நடுக்கம், வியர்வை, பெற்றவளைப் பார்த்தே கெட்ட வார்த்தை. இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரம்மா எதையும் ஒளிக்க மாட்டார். "மருந்தெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தாம்மா. வீட்டுக்குப் போனா நீங்க சொல்றத கேக்க மாட்டான். இதுல விழுந்து எந்திரிச்ச பசங்க சொன்னா கேப்பான். அவங்களோட விடுங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கெட்டுப்போன பையன்களோடு விட்டால் இவன் எப்படித் தேறுவான்?

தேறினான். அதே வார்டில் இருந்த ஸ்டீபன் எங்கள் பக்கத்து ஊர், கார்த்தியைவிட ஒரு வயது பெரியவன். அவனோடு இன்னும் இரண்டு பேர். பொழுது சாய்கிற நேரம்தான் இவர்களுக்கு ஆகாத நேரம். அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் வாய்க்காலில் ஊருக்கு ஊர் முறை வைத்துத் தண்ணீர் விடுவது வழக்கம். அந்த வார்த்தையையே எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு யார் முறையோ அவன் மற்ற மூன்று பேரையும் வீடு தேடிப் போய் அழைத்து, வாய்க்கால் மதகில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரம் வரை யாரையும் விடக்கூடாது. வாசலில் "இன்னைக்கு யாரு முறை?" என்று குரல் கேட்டால்தான் எனக்குப் போன உயிர் வரும்.

ஒருநாள் கார்த்தி வெறிபிடித்தவனாகச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். உள்ளே வந்த ஸ்டீபன் புத்தி சொல்லவில்லை. "உனக்கு வேணான்னா எனக்காவது குடுடா" என்று தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான். "டேய், என் சோறுடா அது!" என்று கார்த்தி சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

பிறகு ஒருவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். இன்னொருவன் சிங்கப்பூர். கார்த்திக்கு மறுவீழ்ச்சி (விட்ட பழக்கத்துக்கே திரும்புவது) வந்தது. ஸ்டீபன் ஒற்றை ஆளாகத் தினமும் வந்து அவனை மீட்டான்.

கார்த்திக்குப் பதினெட்டு முடிந்ததும் அவன் அப்பா துபாய்க்கு விசா அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் சாமிக்கு நேர்ந்துகொண்டு வாங்குகிற மருந்து அதுதான். "இடம் மாறினா நோய் மாறாதும்மா. அவன தாங்கிப் பிடிச்சிருக்கறது அந்தப் பையன்தான்" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரரிடம் போனில் கெஞ்சினேன்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா அங்க யாருங்க முறை பாப்பாங்க?"

"முறையா? ஏன், வாய்க்கால்ல தண்ணி வரலையா?"

மகனுக்கு நோய் வந்ததிலிருந்து அவர் ஊருக்கு வரவே இல்லை. கார்த்தி போய்விட்டான்.

இப்போது எனக்கு ஒரு நாளில் இரண்டு சாயங்காலம். இங்கே இருட்டும்போது துபாயில் இன்னும் வெயில். இங்கே பயந்து முடித்து, அங்கே இருட்டும்போது மறுபடி பயப்படுகிறேன். உடம்பே மூக்காகிவிட்டது, பால் பொங்கினாலும், பக்கத்து வீட்டில் பெயின்ட் அடித்தாலும் திடுக்கிடுகிறேன். போன வாரம் பேசியபோது அவன் குரல் குழறியது. "தூக்கம்மா" என்றான். போனில் வாசனை தெரியாதே, நான் என்ன செய்வேன்?

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்டீபன் வந்தான்.

"கார்த்தி இல்லையேப்பா" என்றேன்.

"தெரியும்மா. இன்னைக்கு யாரு முறை?"

அவன் படி ஏறும்போதே என் மூக்குக்கு வந்துவிட்டது, அதே பசை நெடி. மூன்று பேரையும் வீடு தேடிப் போய் அழைத்தவன். அவனை அழைக்க ஒருவரும் இல்லை.

உட்கார வைத்துச் சோறு போட்டேன். தட்டைத் தள்ளினான். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு வேணான்னா எனக்காவது குடுடா" என்று தட்டை இழுத்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.