அண்ணி கொண்டுவந்த மண்

அண்ணி ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு என்னிடம் நீட்டிய அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இலைகள் வெளுத்து மஞ்சளாகியிருந்தன. வேர் மொட்டையாகத் தொங்கியது. "எங்க ஊருல கடலை வேருன்னா முத்து முத்தா முடிச்சு இருக்கும் தம்பி. இதுல ஒண்ணுகூட இல்ல பாருங்க" என்றார்.

வெளிநாடு போவதற்காக அண்ணன் தன் பங்கு நிலத்தின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றிருந்தான். போன இடத்தில் ஒரு விபத்தில் இறந்துபோனான். பிள்ளை இல்லை. காரியம் முடிந்ததும் அண்ணி ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் போகவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வேலை முடிந்து மாலையில் நான் திரும்பும்போதெல்லாம், அந்தக் கட்டாந்தரையில், தான் விதைத்த கடலைக்கு நடுவே களைக்கொட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பார். அருகில் போய் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. மாட்டை அவிழ்ப்பதுபோல் வேறு பக்கம் நடந்துவிடுவேன்.

பிடுங்கிய செடியோடு இருவரும் வேளாண் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் அம்மா பொறுமையாகச் சொன்னார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா உண்டு; அது கடலை வேருக்குள் நுழைந்தால், செடி அதைச் சுற்றி முடிச்சு கட்டி, இலையில் ஆக்கிய சர்க்கரையை அனுப்பி வளர்க்கும்; பதிலுக்கு அது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கும். எங்கள் நிலத்தில் மேல்மண்ணோடு அந்த உயிர்களும் சூளைக்குப் போயிருந்தன. அந்தப் பாக்டீரியாவை விதையில் கலப்பதற்கான பாக்கெட் அப்போது இருப்பில் இல்லை. பல காலம் நன்றாகக் கடலை விளைந்த நிலத்து மண்ணைக் கொண்டுவந்து, வெயில் தாழ்ந்தபின் விதைச்சாலில் தூவிப் பார்க்கச் சொன்னார்.

அண்ணி தாய்வீட்டுக் கடலைக் கொல்லையிலிருந்து மண்ணை மூட்டை கட்டிப் பஸ்ஸில் ஏற்றி வந்தார். மண்ணுக்கெல்லாம் லக்கேஜா என்று கண்டக்டர் முணுமுணுத்தாராம். அடுத்த பட்டத்தில் செடி பூக்கத் தொடங்கியபோது ஒன்றைப் பிடுங்கினோம். வேரெல்லாம் முடிச்சு. அண்ணி ஒரு முடிச்சை நகத்தால் கீறினார், உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் வேலை செய்கிறது என்று அலுவலர் அம்மா சொல்லியிருந்தார். அண்ணன் போனபின் அண்ணி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எங்க ஊரு மண்ணு இங்க ஒட்டிக்கிச்சு" என்றவர், செடியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் முடியல தம்பி" என்றார்.

அந்த அறுவடைக்குப் பிறகு சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணியைக் கேட்டு ஒரு சம்பந்தம் வந்தது. என் அம்மாதான், "வயசு இருக்குது. எங்களுக்காக இங்கயே கெடக்காத, போம்மா" என்று அனுப்பிவைத்தார். நல்லதுதான் நடந்தது. ஆனாலும் அதன்பின் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

போன வருடம் அம்மாவும் இறந்தார். புது இடத்தில் வாழ்கிறவருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தயங்கி விட்டுவிட்டேன். சென்ற மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அண்ணியைப் பார்த்தேன். கையில் ஒரு பெண் குழந்தை. கடலை போட்டிருக்கிறேனா, முடிச்சு பிடிக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிடிக்கிறது என்றேன். பிறகு, "அத்தை எப்படி இருக்காங்க?" என்றார்.

சொன்னேன்.

அவருடைய பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. "சோறு யாரு ஆக்குறாங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.