எழுத வேண்டாம் என்றவர்

கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையில் காப்பீட்டு மனுக்கள் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். மேல்மலையில் போளூர்ப் பக்கம் பூண்டு விவசாயம் செய்பவர். சர்க்கரைக்காக எடையைப் பாதியாகக் குறைத்திருந்தார். சதை போய்விட்டது; வயிற்றுத் தோல் மட்டும் மடிந்து தொங்கியது. அதை எடுக்கும் ஆபரேஷனுக்கு மனு எழுத வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. தோல் மடிப்புக்குள் செருகியிருந்த துணியைச் சேலைக்கு மேலாகவே சரிசெய்தபடி, முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார்.

"அழகுக்கான ஆபரேஷன்னா காப்பீடு கெடைக்காதும்மா. நீங்க எதுக்காகப் பண்ணணுங்கறீங்க?" என்று கேட்டேன்.

"அழகு பாக்கவா வந்தேன்? காட்டுல குனிஞ்சு நிமிர முடியலங்க. மடிப்புக்குள்ள புண்ணு ஆறாமக் கெடக்கு. வெரசா எழுதுங்க, பஸ்ஸு போயிரும்."

டாக்டரும் அதையேதான் குறித்திருந்தார். ஆறாத புண், வேலை செய்ய இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசையோரம் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தோலை எடுத்துட்டா, பாக்கவும் கொஞ்சம் நல்லா இருப்பேன்லங்க? அத மட்டும் எழுதிராதீங்க."

நான் எழுதவில்லை. அனுமதி கிடைத்து, மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு அவசரத்திலும் திரும்பி வந்து அதை என்னிடம் ஏன் சொன்னார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.