இரண்டு வரிக்கு நடுவே ஒரு வாய்

இது நடந்தது. சூலூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நம்பாதவர்கள் நஞ்சுண்டன் வீட்டு மாடியறையில் ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து வாதாடட்டும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். இதில் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம்.

நஞ்சுண்டன் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்ப்பவன். மாடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்வது அவனுடைய கிறுக்கு. மனைவி பிரவீனா அருமையாகப் பாடுவாள். பக்திப் பாட்டு வெளியிடுகிற கோவைக்காரர் ஒருவர், அவளே கட்டிய அம்மன் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து ஞாயிறு சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். குரல் பிடித்தால் வருடம் முழுக்கப் பாட வைப்பாராம். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஒரு வாய்ப்புக்குத்தான்.

எதிர்வீட்டுத் தறிக்குடோன் சத்தம் ஞாயிறு மட்டும்தான் ஓயும். அதனால் பதிவும் அன்றைக்குத்தான். அறையில் எதிரொலி வராமல் இருக்க சுவரில் பஞ்சு மெத்தை மாட்ட வேண்டும். முந்தின நாள் மெத்தை தைக்கும் ரசாக் பாய் கடைக்குப் போனான். மூலையில் பழைய மெத்தை ஒன்று சுருட்டிக் கிடந்தது.

"அதைக் குடுங்க பாய்."

"அது வெள்ளகோவில்ல இருந்து வந்ததுங்க. பஞ்சைப் பிரிச்சு, வெயில்ல போட்டு, அடிச்சுத்தானுங்க குடுப்பேன். ஒருத்தர் படுத்ததை அப்படியே இன்னொரு ஊட்டுக்குள்ள அனுப்பறதில்லீங்க."

"நான் என்ன படுக்கவா போறேன்? சுவத்துலதானுங்க மாட்டறேன். நாளைக்கே வேணும்."

ரசாக் பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவன் விடவில்லை. பிரித்து அடிக்காத மெத்தையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் விரித்தபோது குமட்டியது. நடுவில் ஆள் நீளத்துக்கு மஞ்சள் கறை. தலைமாட்டில் அது கறுத்துப் பிசுபிசுத்தது. மூத்திரமும் பழைய எச்சிலும் கலந்த வாடை. மனுஷனாகப் பிறந்தவன் அதை அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பான். இவன் மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, மைக்குக்கு நேரெதிரே ஆணியடித்து மாட்டினான். பாடும்போது பிரவீனாவின் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அந்தத் தலைமாடு.

மறுநாள் மதியம் அவள் பாடி முடித்துவிட்டுச் சமைக்கக் கீழே போனாள். அவன் ஹெட்போனை மாட்டினான். பாட்டில் சில இடம் கிசுகிசுப்பாகவும் சில இடம் உச்சத்திலும் இருந்தது. அதைச் சமன் செய்ய கம்ப்ரஷரைப் போட்டான். அது சத்தமான இடத்தை அமுக்கும். அப்புறம் மொத்தத்தையும் தூக்கிவிட வேண்டும். அப்படித் தூக்கும்போது அடியில் கிடந்த சின்னச் சத்தமெல்லாம் மேலே வந்துவிடும். மூச்சு, உதடு பிரிவது, எல்லாமே.

முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே அது கேட்டது.

ப்ளச்...

வாய்க்குள் நாக்கு புரளும் சத்தம். மாடிப்படியில் நின்று கத்தினான்.

"ஏன் அம்மணி, எதையாச்சும் மென்னுட்டே பாடுனியா?"

"வெறும் தண்ணி குடிச்சேனுங்க." அவள் குரல் லேசாகக் கரகரத்தது. "தொண்டை என்னமோ மாதிரி இருக்குதுங்க."

பாடின களைப்பு என்று நினைத்துக்கொண்டான். திரும்ப வந்து உட்கார்ந்தான். அந்த இடத்தை வெட்டினான். அடுத்த இடைவெளியிலும் அதே சத்தம். அதற்கடுத்த இடைவெளியிலும். இப்போது சளியை உருட்டி உருட்டி மெல்வதுபோல் இருந்தது. பிறகு ஒரு விழுங்கல்.

எரிச்சலில் கம்ப்ரஷரை இன்னும் முறுக்கினான். என்ன எழவு சத்தம் என்று பார்த்துவிடுவது என்று நினைத்தான்.

அந்த வாய் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

பிரவீனா பாடிக்கொண்டிருக்கும்போதே அதுவும் கேட்டது. அவள் ஒரு வரி முடித்ததும் அந்த வரியின் கடைசி எழுத்தை அது நக்கி எடுத்தது. ஸ்ஸ்... ப்ளச். பிறகு விழுங்கியது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவள் குரல் கொஞ்சம் சன்னமானது.

அவன் கம்ப்ரஷரை நிறுத்தினான். நிறுத்தினால் பழையபடி ஆக வேண்டும்.

ஆகவில்லை.

திரையில் அலைக்கோடாகத் தெரிந்த பிரவீனாவின் குரல் முன்பு மலை மலையாக நின்றிருந்தது. இப்போது மண்ணோடு கிடந்தது. இடைவெளிகள்தான் உயர்ந்து நின்றன.

காது ஈரமானது.

ஹெட்போனைப் பிடுங்கினான். காதுப் பஞ்சிலிருந்து நூல் நூலாக எச்சில் இழுத்துக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பாக. அதே வாடை.

சத்தம் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே கேட்டது.

போர்வை விலகியிருந்தது. தலைமாட்டுக் கறை நனைந்து மினுங்கியது.

ப்ளச்...

மணி மூன்று ஐம்பது. விழுந்தடித்துக் கீழே ஓடினான்.

பிரவீனா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது. வாய் திறந்து மூடியது. அவனைத்தான் கூப்பிட்டாள். வார்த்தை வரவில்லை.

வந்தது அந்தச் சத்தம்தான்.

அன்றைக்குப் பாட்டு போகவில்லை. கோவையில் இரண்டு டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறது, குரல்நாண் நன்றாக அசைகிறது, ஏன் பேச்சு வரவில்லை என்று புரியவில்லை என்றார்கள். நஞ்சுண்டன் மெத்தையைக் கொளுத்தினான். பதிவை அழித்தான். அதை வேறு யாருக்கும் அவன் அனுப்பியிருக்கவும் இல்லை. பிரவீனா எச்சிலை விழுங்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கட்டினவளைப் பார்த்தே அவனுக்குக் குமட்டியது. அதை நினைத்து வெட்கப்பட்டான். ஆனாலும் குமட்டியது.

விஷயம் கேள்விப்பட்டு ரசாக் பாய் வீட்டுக்கே வந்தார். வெள்ளகோவிலில் மெத்தையைக் கொடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அந்த மெத்தையில படுத்திருந்தவர் எப்பங்க தவறினாரு?"

"அப்பாங்களா? அவுரு உசுரோடதானுங்க இருக்கறாரு," என்றான் போனை எடுத்த மகன். "பக்கவாதம். வாய் கோணி ரெண்டு வருசமா ஒரு வார்த்தை பேசலீங்க. எச்சில்தான் ஒழுகிட்டே கெடக்கும். புது மெத்தை போட்டதால பழசைக் குடுத்துப்போட்டோம்."

அவனே தொடர்ந்தான்.

"போன ஞாயித்துக்கெழமை நாலு மணி வாக்குல பாட ஆரம்பிச்சாருங்க. பொம்பளைக் குரல்ல. ஏதோ அம்மன் பாட்டு. நாங்க யாரும் கேட்டதே இல்லீங்க. இன்னும் நிறுத்தலை."

போனுக்குள், தூரத்தில், பிசிறில்லாமல் பிரவீனாவின் குரல் கேட்டது. பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியலீங்க," என்றான் மகன். "வரிக்கு வரி நடுவுல நிறுத்தி, யாரையோ கூப்புடறாருங்க. 'ஏனுங்க, ஹெட்போனைக் கழட்டுங்க... சீக்கிரம் கீழ வாங்க'ன்னு அழுவறாரு. அது யாருங்க?"