போத்தலில் ஒட்டிய கடதாசி

அருளப்பு அண்ணை போய்விட்டார் என்று பாலையூற்றிலிருந்து செய்தி வந்தபோது, என் காலைக் குளிசை கையில் இருந்தது. விழுங்கிவிட்டுத்தான் அழுதேன். விழுங்காமல் அழுதிருந்தால் அவர் ஏசியிருப்பார்.

உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் அவர் கலந்து கொடுத்த மருந்தைக் குடித்தவர்கள் இன்னும் ஓரிருவராவது இருப்பீர்கள். நான் அப்போது துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவன், வலிப்புக்காரன். விழுந்தால் கையில் பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பைத் திணிப்பார்கள். "திறப்பு பெட்டகத்துக்கு, தம்பி. உமக்கு மருந்து" என்றார் அண்ணை முதல்நாளே. எனக்கு எழுத்துத் தெரியாது என்றதும், கடதாசியின் ஓரத்தைப் பல்லுப்பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டினார். "ஒரு நேரத்துக்கு ஒரு பல்லு. மருந்து இறங்கிக்கொண்டே போகவேணும்." நான் படித்த ஒரே படிப்பு அது.

உப்புக் கரிக்கும் அந்த மருந்தால் மூன்று மாதம் வலிப்பு வரவில்லை. சுகம் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், மருந்தை நிறுத்தினேன். அந்தக் கிழமைதான் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஊரே ஓடியது. நாங்கள் பாலையூற்றுப் பற்றைக்குள் ஒதுங்கினோம். அங்கே, சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பின்மேல் விழுந்தேன். தமையன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அருளப்பு அண்ணையே வந்தார், போத்தலைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு.

"வழியில பிளேன் வந்திருந்தால் என்ன செய்திருப்பீங்கள், அண்ணை?" என்றான் தமையன்.

"போத்தல் உடையாமல் படுத்திருப்பன்."

பிறகு என் வெந்த கையைப் பார்த்தார். "வலிப்பு போகேல்லைத் தம்பி. மருந்து அதைக் கட்டி வைச்சிருந்தது. நீர்தான் அவிட்டு விட்டனீர்." அதன் பிறகு ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். தொண்ணூறு தாண்டியவர், கதிரையில் நிமிர்ந்துதான் இருந்தார். அலுமாரிக்கு மேல் பிரஷர் குளிசை பிரிக்காமல் கிடந்தது.

"போடுறதில்லையோ, அண்ணை?"

"ஓம், நிப்பாட்டிப்போட்டன். இப்ப சுகமாத்தானே இருக்கிறன்."

அன்று பற்றைக்குள் அவர் சொன்னது என் வாய்வரை வந்தது. ஊருக்கே மருந்து கொடுத்தவருக்கு நானோ சொல்வது என்று கூச்சப்பட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிரஷர் ஏறித் தலைக்குள் நரம்பு வெடித்ததாம்.

அந்தப் போத்தல் என்னிடம் இருக்கிறது. கடதாசி பழுத்துவிட்டது, பல்லுகள் அப்படியே இருக்கின்றன. முழங்கையில் அடுப்பின் தழும்பு இருக்கிறது. அவருக்குச் சொல்லாமல் கொண்டுவந்த அவருடைய சொல்லும் என்னிடமே இருக்கிறது.